பால் ஸ்கீன்ஸ் மேலே வந்த வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் மாலை பேஸ்பால் ஆட்டம் தொடங்கும்போது நமக்கு விடியற்காலை நான்கு மணி தாண்டியிருக்கும். "அப்படி யாருக்காக இந்த நேரத்துல எழுந்து உட்கார்ற?" என்று வீட்டிலும் கேட்கிறார்கள், வேலை செய்யும் இடத்திலும் கேட்கிறார்கள். பால் ஸ்கீன்ஸ் என்று சொன்னதும் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். யார் கேட்டாலும் ஏறக்குறைய அதே கேள்விகள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் மட்டும் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

யாருங்க இந்த பால் ஸ்கீன்ஸ்? ஏன் இவ்வளவு பேச்சு?

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் வலது கை பிட்சர். 2002 மே 29 அன்று கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் பிறந்தவர். உயரம் ஆறரை அடி. 2023 ஜூலையில் நடந்த டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டார். பத்தே மாதத்தில், 2024 மே மாதம், மேஜர் லீகில் இறங்கினார். மேஜர் லீக் என்பது 30 அணிகள் ஆடும் உச்ச நிலை. அந்த வருடமே, மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான தேசிய லீகின் சிறந்த புதுமுகம் விருது கிடைத்தது. அடுத்த வருடம், 2025-ல், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒருமனதாக வாங்கினார்.

பத்து மாதம் என்பது கணக்குக்குச் சரிதான். ஆனால் அதற்கு முன்னால் பெரிய அணிகள் எதுவும் இவரைத் திரும்பிப் பார்க்காத காலம் ஒன்று இருக்கிறது. மேலே வந்த பிறகு அந்தக் கையைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்ட கதையும் இருக்கிறது. எனக்கு விருதுகளைவிட இந்த இரண்டும்தான் பெரிசு.

பிட்சர்னா நம்ம பவுலர் மாதிரிதானே?

வேலை ஒன்றுதான், செய்யும் விதம் வேறு. பிட்சர் ஓடி வர மாட்டார். 10 அங்குல உயரமுள்ள மண்மேட்டில் நின்று, ஒரு காலை முன்னால் எட்டி வைத்து எறிவார். அங்கிருந்து பேட்டர் பக்கத்துத் தட்டு 60 அடி 6 அங்குலம். கிரிக்கெட்டில் ஸ்டம்புக்கு ஸ்டம்பு 66 அடி என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பந்து தரையில் குத்தாது, நேராகப் போகும். கிரிக்கெட்டில் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீண்டால் 'த்ரோ' என்று பிடித்துவிடுவார்கள். இங்கே எறிவதுதான் ஆட்டமே. அதனால் சுமை முழுக்க முழங்கையிலும் தோளிலும்தான் விழும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பேட்டர் சுழற்றித் தவறவிட்டாலோ, அடிக்கத் தோதான எல்லைக்குள் வந்த பந்தை விட்டுவிட்டாலோ அது ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட், அதுதான் ஸ்ட்ரைக்அவுட். அவர் அடிக்காமல் விட்ட நான்கு பந்து அந்த எல்லைக்கு வெளியே போனால் அவர் சும்மாவே முதல் பேஸுக்கு (ரன் எடுக்கச் சுற்றி வர வேண்டிய இடங்களில் முதலாவது) போய்விடலாம், அது வாக். ஓர் இன்னிங்ஸுக்கு ஒரு அணிக்கு மூன்று அவுட், மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். ஸ்கீன்ஸ் போன்ற தொடக்க பிட்சர் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை இறங்கி, நூறு பந்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு வெளியே வருவார். மிச்சத்தை புல்பென்னில் (பிட்சர்கள் கையைச் சூடேற்றும் இடம்) காத்திருக்கும் மற்ற பிட்சர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

100 மைல், 100 மைல்ங்கறாங்களே, அது எவ்வளவு வேகம்?

மணிக்கு 161 கிலோமீட்டர். 2003 உலகக்கோப்பையில் ஷோயப் அக்தர் போட்ட 161.3 கிலோமீட்டர் பந்து கிரிக்கெட்டில் இன்றுவரை பேசப்படுகிறது. ஸ்கீன்ஸ் தன் முதல் மேஜர் லீக் ஆட்டத்தில் மட்டும் 100 மைலைத் தொட்ட அல்லது தாண்டிய பந்துகள் 17 எறிந்தார். பேஸ்பால் பந்து கொஞ்சம் லேசு, 142 முதல் 149 கிராம். கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். ஆனால் ஓட்டத்தின் உதவி இல்லாமல், நின்ற இடத்திலிருந்து இந்த வேகம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

கையை விட்ட பந்து தட்டுக்கு வர ஏறக்குறைய 0.4 விநாடிதான். பேட்டைச் சுழற்றவே அதில் கணிசமான பங்கு போய்விடும். அதாவது, பந்து பாதி தூரம் வருவதற்குள் அடிக்கலாமா விடலாமா என்று பேட்டர் முடிவு செய்தாக வேண்டும்.

சின்ன வயசுலயே இவர்தான் அடுத்த பெரிய ஆள்னு தெரிஞ்சிருக்குமே?

இல்லை. இதைக் கேட்டு வியக்காதவர்களை நான் பார்த்ததில்லை. கலிபோர்னியாவின் லேக் ஃபாரஸ்டில் எல் டோரோ உயர்நிலைப் பள்ளியில் படித்தார். நோலன் அரெனாடோ, மேட் சாப்மன் போன்ற மேஜர் லீக் வீரர்கள் படித்த பள்ளி அது, அணிகளின் கண் படாத இடம் இல்லை. ஆனால் ஸ்கீன்ஸ் அப்போது பெரும்பாலும் கேட்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி), நல்ல பேட்டர், கூடவே பிட்சிங். 2020-ல் பள்ளி முடித்தார். கொரோனாவால் அந்த வருட டிராஃப்ட் வெறும் ஐந்து சுற்றோடு முடிந்தது. அதில் இவர் பெயரை யாரும் சொல்லவில்லை.

மூன்று வருடம் கழித்து அதே டிராஃப்டில் முதல் பெயர் இவருடையது. பதினெட்டு வயதில் கிடைக்காததால் ஒருவர் கதை முடிந்துவிடவில்லை என்று யாருக்காவது சொல்ல வேண்டியிருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

விமானப்படையில இருந்தவராமே? அப்புறம் ஏன் விட்டுட்டு வந்தார்?

கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள அமெரிக்க விமானப்படை அகாடமியில் இரண்டு வருடம் கேடட்டாக இருந்தார். போர் விமானம் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பேஸ்பால் அங்கே கூடுதல் வேலைதான். விடிவதற்கு முன்னால் எழ வேண்டும், அணிவகுப்பு, பாடம், அப்புறம்தான் மைதானம். அங்கேயும் கேட்சராக நின்றார், பேட் பிடித்தார், பந்தும் எறிந்தார். இரண்டு வேலையும் செய்யும் கல்லூரி வீரர்களில் சிறந்தவருக்குத் தரும் ஜான் ஓலெருட் விருது 2022-ல் இவருக்குக் கிடைத்தது.

அகாடமியில் ஒரு விதி உண்டு. மூன்றாம் வருட வகுப்பில் உட்கார்ந்துவிட்டால், படிப்பு முடிந்து ராணுவப் பணி செய்யும் கடமை வந்துவிடும். அதற்கு முன்னால் விலகினால் கட்டுப்பாடு இல்லை. அந்த வாசலில் நின்றுதான் அவர் முடிவெடுத்தார். 2022 கோடையில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். வேண்டாம் என்று உதறிவிட்டு வந்தவர் இல்லை, மனமில்லாமல் பிரிந்தவர். பேஸ்பால் இல்லாமல் போயிருந்தால் விமானியாகத்தான் இருந்திருப்பார்.

லூசியானாவுல ஒரே வருஷத்துல அப்படி என்ன நடந்துச்சு?

முதலில், பேட்டையும் கேட்சர் கவசத்தையும் இறக்கி வைத்தார். இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே வேலைக்கு வந்தார். பிட்சிங் பயிற்சியாளர் வெஸ் ஜான்சன் அதற்கு முன் மின்னசோட்டா ட்வின்ஸில் மேஜர் லீக் பிட்சர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றியையும் தோல்வியையும் ஒரு பிட்சர் பெயரில் எழுதுவார்கள். அந்த வருடம் ஸ்கீன்ஸ் 13 வெற்றி, 2 தோல்வி, 1.69 ஈ.ஆர்.ஏ., 209 ஸ்ட்ரைக்அவுட். அதே கல்லூரியின் பென் மெக்டொனால்ட் 1989-ல் எடுத்த 202 என்ற, தென்கிழக்குக் கல்லூரிகளின் லீகான எஸ்.இ.சி.யின் சாதனை அதோடு போயிற்று. ஈ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு, ஃபீல்டர்களின் பிழையால் வரும் ரன் சேராது. இரண்டுக்குக் கீழே இருந்தால் அபாரம்.

ஆனால் எண்களைவிட எனக்கு ஒமாஹாவில் நடந்த ஒரு ஆட்டம்தான் நினைவில் நிற்கிறது. கல்லூரி உலகத் தொடரின் அரையிறுதி, எதிரே வேக் ஃபாரஸ்ட், அவர்கள் பக்கம் ரெட் லவுடர் என்ற இன்னொரு அருமையான பிட்சர். ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்ஸ், 120 பந்து, இரண்டே ஹிட் (பேட்டர் பந்தை அடித்து பேஸை எட்டினால் அது ஹிட்). லவுடரும் விட்டுக்கொடுக்கவில்லை. ரன்னே இல்லாமல் பதினோராவது இன்னிங்ஸ் வரை போய், லூசியானாவின் டாமி ஒயிட் அடித்த ஹோம்ரனில் (நம்ம சிக்ஸர் மாதிரி) 2-0 என்று முடிந்தது. பிறகு ஃப்ளோரிடாவை வென்று கோப்பையும் வந்தது. இறுதிப் போட்டியில் ஸ்கீன்ஸ் ஒரு பந்துகூட எறியவில்லை. ஆனாலும் தொடரின் சிறந்த வீரர் அவர்தான், அதை யாரும் மறுத்துப் பேசவில்லை.

டிராஃப்ட்னா ஐ.பி.எல். ஏலம் மாதிரியா?

ஏலம் இல்லை, வரிசை. முந்தைய வருடம் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்னுரிமை. வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க, முதல் இடங்களைக் குலுக்கலில் தருகிறார்கள். அந்தக் குலுக்கல் முதன்முதலாக 2022 டிசம்பரில் நடந்தது. அந்த வருடம் 100 ஆட்டம் தோற்றிருந்த பைரேட்ஸுக்கு முதல் இடம் விழுந்தது. எடுத்த அணியோடுதான் வீரர் பேச வேண்டும், தனக்குப் பிடித்த ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

2023 ஜூலை 9 அன்று சியாட்டிலில் பைரேட்ஸ் ஸ்கீன்ஸ் பெயரைச் சொன்னது. இரண்டாவதாக வாஷிங்டன் நேஷனல்ஸ் எடுத்தது அதே லூசியானா அணியின் டிலன் க்ரூஸை. ஒரே கல்லூரி அணியிலிருந்து முதல் இரண்டு இடமும் போனது அதுவே முதல்முறை. ஸ்கீன்ஸுக்குக் கையெழுத்துப் பணம் 92 லட்சம் டாலர், அன்றைய தேதியில் அதுதான் சாதனை.

முதல் ஆளா எடுத்தாச்சு, நேரா மேஜர் லீக்ல இறக்க வேண்டியதுதானே?

பேஸ்பாலில் அப்படி நடப்பது மிக அபூர்வம். ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் கீழே படிக்கட்டு மாதிரி மைனர் லீக் அணிகள் இருக்கும்: புதியவர்களுக்கான வளாக லீக், சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. பலர் ஏறி முடிக்க நான்கைந்து வருடம் ஆகும், பெரும்பாலானவர்கள் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். கல்லூரியில் பேட்டர்கள் அலுமினிய பேட் பிடிப்பார்கள், பிட்சர் வாரத்துக்கு ஒருமுறை எறிவார். தொழில்முறை ஆட்டத்தில் ஓய்வு நாட்கள் குறைவு, பேட்டர்களோ ஒரு தப்பையும் மன்னிக்காதவர்கள்.

ஸ்கீன்ஸ் கல்லூரியிலேயே 122 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்திருந்தார். அதனால் 2023-ல் பைரேட்ஸ் அவரை மொத்தம் 6 2/3 இன்னிங்ஸ் (ஒரு அவுட் என்றால் 1/3) மட்டுமே எறிய விட்டது. 2024 தொடக்கத்தில் டிரிபிள் ஏ அணியான இண்டியானாபொலிஸில் ஏழு ஆட்டம்: 27 1/3 இன்னிங்ஸ், 45 ஸ்ட்ரைக்அவுட், 0.99 ஈ.ஆர்.ஏ. ஆரம்பத்தில் மூன்று இன்னிங்ஸ், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். அவரை நிறுத்த ஒருவராலும் முடியவில்லை என்பது மூன்றாவது ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது.

'ஸ்ப்லிங்கர்'னு ஒரு பந்து போடறாராமே?

ஸ்ப்ளிட்டர், சிங்கர் என்ற இரண்டு பந்துகளின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர். ஸ்ப்ளிட்டர் என்பது இரண்டு விரலை அகலமாகப் பிரித்துப் பிடிக்கும் பந்து, தட்டருகே வந்ததும் தொப்பென்று விழும். சிங்கர் வேகமாக வந்து கொஞ்சம் உள்ளே வளைந்து இறங்கும். ஸ்கீன்ஸின் பந்து இரண்டுக்கும் நடுவில், ஸ்ப்ளிட்டர் மாதிரி விழும், ஆனால் 94 மைல் வேகத்தில் வரும். மற்ற பல பிட்சர்களின் முழு வேகப் பந்தே அவ்வளவுதான் இருக்கும்.

மினசோட்டாவில் எறிந்த ஜோன் டுரான்தான் இந்தப் பெயர் பரவக் காரணம், ஸ்கீன்ஸ் கண்டுபிடித்தது இல்லை. ஆனால் கல்லூரியில் அவரிடம் இந்தப் பந்து கிடையாது. தொழில்முறைக்கு வந்தபின் சிங்கருக்காகப் பிடியை மாற்றி மாற்றிப் பார்த்ததில் கிடைத்தது. டிராஃப்டில் முதல் ஆளாக வந்தவர், இருப்பது போதும் என்று உட்காராமல் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அங்கேதான்.

முதல் மேட்ச் எப்படிப் போச்சு?

2024 மே 11, சனிக்கிழமை, பிட்ஸ்பர்க்கின் பி.என்.சி. பார்க், எதிரே சிகாகோ கப்ஸ். நான்கு இன்னிங்ஸ் முடித்தார், ஏழு ஸ்ட்ரைக்அவுட். ஐந்தாவதில் இரண்டு பேரை பேஸில் ஏற விட்டதும், 84 பந்தில் வெளியே எடுத்தார்கள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அப்புறம் நடந்ததுதான் கொடுமை. அடுத்து வந்தவர்கள் பேஸ் நிரம்பியிருக்கும்போது வாக் மேல் வாக் கொடுத்தார்கள், ரன் வரிசையாக நடந்தே உள்ளே வந்தது, நடுவில் மழை கொட்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. ஸ்கீன்ஸ் ஏற விட்டுப்போன இருவரும் ரன் எடுத்தது அவர் கணக்கில் ஏறியது, மொத்தம் மூன்று.

கடைசியில் பைரேட்ஸ் 10-9 என்று வென்றது. ஐந்து இன்னிங்ஸ் முடிக்காததால் வெற்றி ஸ்கீன்ஸ் பெயரில் சேரவில்லை. ஆறு நாள் கழித்து அதே கப்ஸை அவர்கள் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டில் சந்தித்தார். முதல் ஏழு பேரையும் ஸ்ட்ரைக்அவுட் செய்தார். ஆறு இன்னிங்ஸ், 11 ஸ்ட்ரைக்அவுட், ஒரு ஹிட்கூட இல்லை. முதல் வெற்றி அன்றைக்குத்தான்.

ஹிட்டே கொடுக்காம எறிஞ்சிட்டிருந்தவரை ஏன் வெளியே எடுத்தாங்க? அநியாயமில்லையா?

இது 2024 ஜூலை 11, மில்வாக்கி ஆட்டம் பற்றிய கேள்வி. ஏழு இன்னிங்ஸ், 11 ஸ்ட்ரைக்அவுட், ஹிட் இல்லை, பைரேட்ஸ் 1-0 முன்னிலை. எறிந்தது 99 பந்து. அத்தோடு எடுத்துவிட்டார்கள். ஒன்பது இன்னிங்ஸும் ஹிட் கொடுக்காமல் முடித்தால் அது 'நோ ஹிட்டர்', ஒரு பிட்சரின் பெயர் என்றைக்கும் நிற்கும் சாதனை. அதனால்தான் அன்றைக்கு அத்தனை பேருக்குக் கோபம். எனக்கும் அந்த நிமிடம் வயிறு எரிந்தது.

இரண்டு நாள் ஆறப்போட்டு யோசித்தேன். மிச்சம் இரண்டு இன்னிங்ஸ் முடிக்க எப்படியும் இன்னும் 25, 30 பந்து வேண்டும். ஒமாஹாவில் 120 எறிந்தாரே என்று கேட்கலாம். அது சீசனின் கடைசியில், அதற்குப் பின்னால் வாரக்கணக்கில் ஓய்வு இருந்தது. இது சீசனின் நடு, ஐந்தாறு நாளில் மறுபடி எறிய வேண்டும். களைத்த உடம்பு எறியும் முறையை மாற்றிவிடும், அந்த மாற்றம் முழங்கையில் போய் இறங்கும். இப்போது கேட்டால் எடுத்தது சரி என்றுதான் சொல்வேன்.

டாமி ஜான், டாமி ஜான்னு பயப்படறாங்களே, யார் அவர்?

லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸின் இடது கை பிட்சர். 1974-ல் அவருடைய முழங்கையின் உட்பக்கத் தசைநார் அறுந்தது. அதுவரை அது நடந்தால் பிட்சரின் வாழ்க்கை முடிந்தது என்று அர்த்தம். மருத்துவர் ஃபிராங்க் ஜோப் அந்த செப்டம்பரில், மற்றக் கையின் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு நாணை எடுத்து, முழங்கை எலும்புகளில் துளையிட்டு அதைக் கோத்துக் கட்டினார். 1976-ல் டாமி ஜான் திரும்பி வந்து 1989 வரை எறிந்தார். அறுவைக்குப் பின்னால் மட்டும் 164 வெற்றி. அன்றிலிருந்து அறுவைக்கே அவர் பெயர்.

அந்த நாணை உங்கள் கையிலேயே பார்க்கலாம். கட்டை விரலையும் சுண்டு விரலையும் தொட வைத்து மணிக்கட்டை லேசாக உள்ளே மடக்குங்கள். நடுவில் கயிறு மாதிரி ஒன்று புடைக்கும். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, கைக்கு ஒன்றும் குறைவதில்லை. அதனால்தான் அதை எடுக்கிறார்கள். இன்று பலர் இந்த அறுவை முடித்துப் பழைய வேகத்தில் எறிகிறார்கள், ஆனால் திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், வராமலே போனவர்களும் உண்டு. 22 வயதில் 100 மைல் எறியும் ஒருவரைப் பார்க்கும்போது பேஸ்பால்காரர்களுக்கு மகிழ்ச்சியும் பயமும் சேர்ந்தே வருவது இதனால்தான்.

11 மேட்ச் ஆடினவருக்கு ஆல்ஸ்டார்ல முதல் பந்தா? சீனியர்கள் கோபப்படலையா?

ஆல்ஸ்டார் என்பது இரண்டு லீகின் சிறந்த வீரர்கள் வருடத்துக்கு ஒருமுறை மோதும் ஆட்டம். முணுமுணுப்பு இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் அந்த 11 ஆட்டத்தில் 6 வெற்றி, தோல்வி இல்லை, 1.90 ஈ.ஆர்.ஏ. 2024 ஜூலை 16 அன்று டெக்சாஸின் ஆர்லிங்டனில் தேசிய லீகுக்காகத் தொடங்கினார். ஒரு புதுமுகம் அப்படித் தொடங்கியது 1995-ல் ஹிடேயோ நோமோவுக்குப் பிறகு அதுவே முதல்முறை. ஒரே இன்னிங்ஸ். ஹுவான் சோட்டோவுக்கு ஒரு வாக், அடுத்து வந்த ஏரன் ஜட்ஜ் தரையோடு அடித்ததில் இன்னிங்ஸ் முடிந்தது.

வேணும்னேதான் லேட்டா மேல கூப்பிட்டாங்க, காசு மிச்சம் பண்ணன்னு சொல்றாங்களே?

இதுதான் இருப்பதிலேயே சிக்கலான கேள்வி. மேஜர் லீகில் ஆறு வருடச் சேவை முடித்தால்தான் வீரர் தன் விருப்பப்படி வேறு அணிக்குப் போக முடியும். 172 நாள் இருந்தால் ஒரு வருடமாகக் கணக்கு. சீசனே அதைவிட இரண்டு வாரம்தான் நீளம். ஆகவே ஒரு நல்ல இளைஞரைத் தொடக்கத்தில் சில வாரம் கீழேயே வைத்தால், அந்த வருடம் கணக்கில் வராது, அணிக்கு ஏழாவது வருடம் ஒன்று இலவசமாகக் கிடைக்கும். பல வருடமாக அணிகள் இதைச் செய்துவந்தன. முதல் மூன்று வருடமும் சம்பளம் குறைந்தபட்ச அளவை ஒட்டியே இருக்கும் (2024-ல் 7,40,000 டாலர்) என்பதால் இதில் பணம் நிறையவே இருக்கிறது.

2022-ல் வீரர் சங்கமும் லீகும் போட்ட ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு மருந்து வைத்தார்கள். சிறந்த புதுமுகம் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வரும் முன்னணி இளைஞருக்கு, எப்போது கூப்பிட்டிருந்தாலும் முழு வருடம் கணக்கு. ஸ்கீன்ஸ் மே மாதம் வந்தும் 2024 முழு வருடமாகிவிட்டது இப்படித்தான். ஆக 2029 சீசன் முடிந்ததும் அவர் சுதந்திரமாகலாம், இடையில் நீண்ட ஒப்பந்தம் போட்டாலொழிய. அதே விதிப்படி, தொடக்கத்திலிருந்தே மேலே வைத்திருந்தால் பைரேட்ஸுக்கு டிராஃப்டில் கூடுதலாக ஓர் இடம் கிடைத்திருக்கும். அதையும் இழந்தார்கள்.

அப்படியானால் நோக்கம் என்ன? கையைப் படிப்படியாகப் பழக்கினோம் என்று அணி சொன்னது. மேலே சொன்ன இன்னிங்ஸ் கணக்கைப் பார்த்தால் அதில் உண்மை இருக்கிறது. அதே பழக்கத்தை மேஜர் லீகிலேயே செய்திருக்கலாமே என்பவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. என் கருத்து, ஏப்ரல் கடைசியிலேயே அவர் தயார்.

ஈ.ஆர்.ஏ. 1.97, ஆனா 10 வெற்றி 10 தோல்வி. இது எப்படிங்க?

ரன் கொடுக்காமல் இருப்பது பிட்சர் வேலை, ரன் எடுப்பது மற்றவர்கள் வேலை. 2025-ல் பைரேட்ஸ் 91 ஆட்டம் தோற்ற அணி. மே 18 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்ஸ் முழுக்கத் தானே எறிந்தார் (முன்னிலையில் இருந்த உள்ளூர் அணி ஒன்பதாவதில் பேட் பிடிக்க வேண்டியதில்லை), கொடுத்தது ஒரே ரன். பைரேட்ஸ் எடுத்தது பூஜ்யம். 1-0, தோல்வி ஸ்கீன்ஸ் பெயரில். அவருடைய முதல் முழு ஆட்டமே தோல்வியாகப் பதிவானது.

அந்த வருடம் 187 2/3 இன்னிங்ஸ், 216 ஸ்ட்ரைக்அவுட். வாக்களித்த எழுத்தாளர்கள் வெற்றி, தோல்விப் பத்தியைப் பார்த்து ஏமாறவில்லை. முப்பது வருடம் முன்னால் என்றால் 20 வெற்றி பெற்ற யாருக்காவது விருது போயிருக்கும்.

முதல் ஆளா எடுக்கற பிட்சர் எல்லாரும் இப்படி வந்துடுவாங்களா?

இல்லவே இல்லை. 1991-ல் நியூயார்க் யாங்கீஸ் அணி முதல் ஆளாக எடுத்த ப்ரையன் டெய்லருக்கு 15.5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் தோள் கிழிந்தது, மேஜர் லீகை அவர் எட்டவே இல்லை. 2013-ல் முதலாவதாக வந்த மார்க் அப்பெல் 2018-ல் விளையாட்டையே விட்டு விலகி, பிறகு திரும்பி, 2022-ல் தன் 30-வது வயதில் முதல் மேஜர் லீக் பந்தை எறிந்தார்.

ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் 2009-ல் முதல் ஆள். 2010 ஜூன் 8 அன்று முதல் ஆட்டத்திலேயே 14 ஸ்ட்ரைக்அவுட், அதுவும் இதே பைரேட்ஸுக்கு எதிராக. அதே வருடம் செப்டம்பரில் டாமி ஜான் அறுவை. திரும்பி வந்து, மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் 2019-ல் சிறந்த வீரரானார், அதன்பின் காயங்கள் அவரை எழவே விடவில்லை. நல்லபடியாகப் போனதற்கும் உதாரணம் உண்டு: 2011-ல் பைரேட்ஸ் முதலாவதாக எடுத்த கெரிட் கோல், 2023-ல் யாங்கீஸுக்காக சை யங் வாங்கினார். இதையெல்லாம் பார்த்தவர்கள் ஸ்கீன்ஸைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

ஒரு பேஸ்பால் கார்டு பத்து லட்சம் டாலருக்குப் போச்சாமே, நிஜமா?

நிஜம். முதல் ஆட்டத்தில் வீரர் சட்டையில் ஒரு சிறு ஒட்டு தைத்திருப்பார்கள். அதைப் பிரித்தெடுத்து ஒரே ஒரு கார்டில் பதித்து பாக்கெட்டுகளுக்கிடையில் கலந்துவிடுவார்கள். ஸ்கீன்ஸ் கார்டு கிடைத்தால் 30 வருட சீசன் டிக்கெட் தருகிறோம் என்று பைரேட்ஸ் அறிவித்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து 11 வயதுப் பையன் ஒருவனுக்கு அது கிடைத்தது. டிக்கெட்டை வேண்டாமென்று ஏலத்துக்கு விட்டதில் 2025 மார்ச்சில் 11.1 லட்சம் டாலருக்குப் போனது.

நம்ம இந்தியாவுல இருந்து யாராவது போயிருக்காங்களா?

போயிருக்கிறார்கள், அதுவும் இதே பைரேட்ஸுக்கு. ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இருவர், ஈட்டி எறிந்து பழகிய உத்தரப்பிரதேசத்து இளைஞர்கள். 2008-ல் இந்தியாவில் வேகமாக எறிபவர்களைத் தேடி நடந்த போட்டியில் தேர்வாகி, அந்த நவம்பரில் பைரேட்ஸோடு ஒப்பந்தம் போட்டார்கள். (கிரிக்கெட் ஆடும் ரிங்கு சிங் வேறு.) மைனர் லீகின் கீழ்ப்படிகளைத் தாண்டவில்லை. ஆனாலும் பேஸ்பால் பந்தையே கையில் பிடித்திராதவர்கள் ஒரு வருடத்துக்குள் தொழில்முறையில் எறிந்தார்கள் என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அமெரிக்காவில் பிறந்தவர்களில் குமார் ராக்கரைப் பாருங்கள், தாய் வழியில் இந்திய வம்சாவளி. 2019-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காக ட்யூக்குக்கு எதிராக 19 ஸ்ட்ரைக்அவுட்டோடு நோ ஹிட்டர் எறிந்தவர். 2021-ல் நியூயார்க் மெட்ஸ் அணி எடுத்தும், உடல் சோதனைக்குப் பின் ஒப்பந்தம் போடாமல் விட்டது. மறுவருடம் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. 2023-ல் டாமி ஜான் அறுவை. 2024 செப்டம்பர் 12 அன்று மேஜர் லீகில் இறங்கினார். ஸ்கீன்ஸ் பத்து மாதத்தில் கடந்த தூரத்தை இவர் இத்தனை தடையோடு கடந்தார்.

என் பையனுக்கு 11 வயசு, அமெரிக்காவுல இருக்கோம், வேகமா எறியறான். தினமும் பழக்கலாமா?

கடந்த சில மாதத்தில் இதையே மூன்று பெற்றோர் கேட்டுவிட்டார்கள். தினமும் வேண்டாம். மேஜர் லீகும் அமெரிக்கப் பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதலில், 11, 12 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 85 பந்து. 9, 10 வயதுக்கு 75. அந்த வயதில் 66 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. வருடத்தில் குறைந்தது நான்கு மாதம் எறிவதையே விட வேண்டும். ஒரே ஆட்டத்தில் பிட்சராகவும் கேட்சராகவும் நிற்கக் கூடாது, கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறார் அல்லவா.

இரண்டு அணிக்கு ஆடினால் இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. ஒரு பயிற்சியாளருக்கு மற்றவர் எறிய வைத்தது தெரியாது, ஆகவே எண்ணி எழுத வேண்டியது நீங்கள்தான். இந்த வயதில் முழங்கையில் எலும்பு வளரும் பகுதி இன்னும் இறுகியிருக்காது, தசைநாரைவிட அதுதான் முதலில் பாதிக்கும். உட்பக்கம் வலிக்கிறது என்று பையன் சொன்னால் அன்றைக்கே நிறுத்திவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பெரிய ஆட்டம் சனிக்கிழமைதான் என்றாலும் சரி.